அத்தையின் சொறிகல்

என் அலுவலக மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு பீங்கான் துண்டை வைத்திருக்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நடுவில் இடுப்பு சிறுத்து, மேலும் கீழும் அகன்று, மின்கம்பத்தில் கம்பி கட்டுவார்களே, அந்தச் சின்ன இன்சுலேட்டர். நான் வேலை பார்ப்பது மின்வாரியத்தின் கணக்குப் பிரிவு என்பதால் வருகிறவர்கள் யாரும் அதை இரண்டாவது முறை பார்ப்பதில்லை. லைன்மேன் ஒருவர் மட்டும் அவ்வப்போது, "என்னா மேடம், ஸ்டோர்லேர்ந்து சுட்டுட்டீங்களா?" என்று கிண்டலடித்தபடி அதைக் கையில் எடுத்து உருட்டுவார். நானும் சிரித்து வைப்பேன். அது என் அத்தை முதுகு சொறிந்த கல் என்று சொன்னால் நேராகக் குழாயடிக்குக் கை கழுவப் போய்விடுவார். மனிதர்களைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை எல்லாம் கிடையாது.

விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் கழித்துப்போட்ட பீங்கான் புதிதல்ல. சூளையில் விரிசல் விட்டது, கோணியது, மெருகு பொங்கியது எல்லாம் பட்டறைக்குப் பின்னால் மலைபோலக் கிடக்கும். காது இல்லாத கோப்பையில் உப்பு வைப்போம். எங்கள் தெருவில் துளசி வளர்ந்ததே ஒரு கைகழுவும் தொட்டியில்தான். அப்பா ஒரு பட்டறையில் சூளை எரிக்கிறவர். ஒருநாள் சாப்பாட்டுத் தூக்கோடு இந்த இன்சுலேட்டரையும் கொண்டுவந்தார். மேலெல்லாம் பழுப்பு மெருகு. சூளைத் தட்டில் உட்கார்ந்திருந்த அடிப்பக்கம் மட்டும் மெருகில்லாமல், மணல் ஒட்டி வெந்து, சொரசொரவென்று இருந்தது. அம்மா அன்றைக்கே அதில் காய் நறுக்கும் கத்தியைத் தீட்டிப் பார்த்து, "உப்புத்தாளு தேவலாம் போலருக்குது" என்றாள். அதை அத்தை வாங்கிக்கொண்டாள். முதலில் குதிகால் தேய்க்க. பிறகு முழங்கைக்கு, முழங்காலுக்கு, கை எட்டாத முதுகுக்கு. இடுப்பு சிறுத்திருந்ததால் பிடிக்க வாகாக இருந்தது. வீட்டில் அதற்குச் சொறிகல் என்றே பெயர் வந்துவிட்டது.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் கூடிவரவில்லை. எங்களோடுதான் இருந்தாள். அப்பா வேலை பார்த்த பட்டறையிலேயே அவளுக்கும் வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரச் சாமானின் தழும்புகளை நனைத்த பஞ்சால் துடைத்து வழவழப்பாக்குகிற வேலை. பார்க்க எளிதாகத் தெரியும். கொஞ்சம் அழுத்தினால் சாமான் நசுங்கும், கொஞ்சம் ஏமாந்தால் தழும்பு நின்று சூளையில் அப்படியே வெந்துவிடும். அத்தை துடைத்த சாமானைத் தனியாக அடையாளம் கண்டுபிடிக்கலாம் என்று அப்பாவே சொல்வார். அதைச் சொல்லும்போது அத்தை வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். வெட்கம். காலையில் பட்டறைக்குக் கிளம்பும்போது அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சம் வேறு எந்த நேரத்திலும் இருந்ததில்லை. பதினோரு மணி டீக்கு ஆளுக்கொரு பன் கொடுப்பார்கள். பன் என்றால் அத்தைக்கு ஆசை. ஆனாலும் பாதியைப் பிய்த்து முந்தானையில் முடிந்து எனக்குக் கொண்டுவருவாள். அதில் களிமண் வாசனை அடிக்கும். நான் அதையும் சேர்த்துத் தின்பேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குத் தோலில் வந்தது. முதலில் சுரீரென்று எரியும். எரிந்த இடத்தில் அரிப்பு எடுக்கும். அப்புறம் கடுகு கடுகாக நீர்க்கொப்புளம் கொத்தாக எழும்பும். அவள் எழும்ப விட்டால்தானே. எழும்புவதற்குள் சொறிந்து உடைத்துவிடுவாள். பார்க்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் காய்ந்த பொருக்கும் கறுத்த தழும்பும்தான். இடது முழங்கையில் வந்தால் வலது முழங்கையிலும் வரும். ஒரு முழங்காலில் வந்தால் மறு முழங்காலிலும். பிட்டத்தில் வந்து உட்கார முடியாமல் போகும். பிடரியில் மயிரோரம் வரும். முழங்கையை மூட ரவிக்கைக் கையை நீளமாகத் தைத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் அதற்குள் அவள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் என் உடம்பு கூசுகிறது.

காரணம் என்ன என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பட்டறை மண். எங்கள் பக்கத்தில் தோலில் எது வந்தாலும் அதைத்தான் சொல்வோம். துடைக்கிறவர்களுக்கு விரலிடுக்கு உரியும், மெருகு முக்குகிறவர்களுக்குப் புறங்கை வெடிக்கும். பார்த்துப் பார்த்துப் பழகிய எங்களுக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியவில்லை. இத்தனைக்கும் நாளெல்லாம் மண்ணில் ஊறிய அத்தையின் விரல்கள் வாழைக்குருத்து மாதிரி நன்றாகவே இருந்தன. மண்ணே படாத இடங்களில்தான் புண். இதை இப்போது எழுதும்போது இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது.

வேலையை விட்டால் சரியாகும் என்றார் அப்பா. அத்தை அழுதாள், கெஞ்சினாள், ரெண்டு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்தாள். கடைசியில் நின்றுவிட்டாள். எங்கள் கெட்ட நேரம், சில மாதங்களில் அரிப்பு குறைந்தது. முற்றிலும் போகவில்லை, ஆனால் குறைந்தது. அதற்கு மேல் சாட்சி வேண்டுமா? "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார். பட்டறையோடு சேர்த்து அவள் பன்னையும் விட்டிருந்தாள் என்பது யார் கணக்கிலும் வரவில்லை. வீட்டில் மூன்று வேளையும் சோறுதான். என்றைக்காவது ரவை உப்புமா, எப்போதாவது பூரி.

குறைந்த அரிப்பு அத்தைக்கு ஆசை காட்டிவிட்டது. மிச்சத்தையும் போக்கிவிட்டால் பட்டறைக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்த வருஷம் ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குப் போனபோது, பெருமாள் சன்னதியில் நின்று வாய்விட்டு வேண்டிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்றேன். "பெருமாளே, இந்த அரிப்பு நின்னு நான் மறுபடி வேலைக்குப் போற வரைக்கும் அரிசி தொட மாட்டேன்." சோறு, இட்லி, தோசை, கஞ்சி எதுவும் கிடையாது. பிடித்ததை விட்டுக்கொடுத்தால் சாமி மனம் இரங்கும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அத்தைக்கு அம்மா வடிக்கும் சோற்றைவிடப் பிடித்தது எதுவும் இல்லை. ஆகவே அதையே விட்டாள். சோற்றை விட்டவள் எதைத் தின்பாள்? ரேஷன் கோதுமையைத்தான்.

காலையில் கோதுமை ரவை உப்புமா, மதியம் சப்பாத்தி, ராத்திரி கோதுமைக் கஞ்சி. "ஒரு வூட்டுல ரெண்டு சமையலு" என்று முணுமுணுத்தாலும் அம்மா செய்துகொடுத்தாள். கொஞ்ச நாளில் அத்தையின் உடம்பு முழுவதும் பற்றிக்கொண்டது. தோளில், தலைக்குள், முதுகில் எல்லாம் கொப்புளம். நாங்கள் பயந்தோம். அத்தை பயப்படவில்லை. "உள்ள போன மண்ணு வெளிய வருது அண்ணி. பெருமாளு வெளிய தள்றாரு" என்றாள். பக்கத்து வீட்டிலும் அதையே சொன்னார்கள். புண் கூடக் கூட அவள் நம்பிக்கையும் கூடியது. சொறிகல்லை இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிந்தாள். ரவிக்கையின் முதுகில் ரத்தப் புள்ளி இல்லாத நாள் இல்லை. வயிறு உப்பியது, அடிக்கடி பேதியானது, கன்னம் ஒட்டியது. அதற்கெல்லாம் விரதத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தோம்.

ஒருநாள் குழாயடியில் மயங்கி விழுந்தாள். அப்பா அவளைப் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். துணைக்கு நானும் போனேன். தோல் டாக்டர் சின்ன வயதுப் பெண். அத்தையின் இரண்டு முழங்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முழங்கால்களைப் பார்த்தார். பிறகு எங்களுக்குச் சம்பந்தமே இல்லாததாகப் பட்ட ஒன்றைக் கேட்டார்.

"வயிறு எப்படிம்மா இருக்குது? சாப்பாடு என்ன சாப்பிடறீங்க?"

"சப்பாத்திதாங்க. சுத்தமான சாப்பாடுதான்" என்றாள் அத்தை, கொஞ்சம் பெருமையோடு.

புண்ணை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் இருந்த நல்ல தோலிலிருந்து கடுகளவு கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "நல்லா இருக்குறதையும் ஏங்க வெட்டறீங்க?" என்று அத்தை கேட்டது நினைவிருக்கிறது. முடிவு வர நாளானது. மறுபடி போனோம். சீலியாக் என்று ஒரு வியாதி, கோதுமையில் இருக்கிற குளூட்டன் என்ற சத்து சிலருடைய சிறுகுடலுக்குச் சேராது, அதைத் தின்னத் தின்னக் குடல் புண்ணாகும், அதன் அடையாளம்தான் இந்தக் கொப்புளம் என்றார் டாக்டர். முழங்கை, முழங்கால், பிட்டம் என்று இரண்டு பக்கமும் ஒத்தாற்போல் வருவதை வைத்தே சந்தேகப்பட்டாராம். அரிப்பை உடனே அடக்க ஒரு மாத்திரை உண்டு, ஆனால் ரத்தம் இவ்வளவு குறைந்திருப்பவருக்கு அதைக் கொடுக்கப் பயமாக இருக்கிறது என்றார். "கோதுமை, மைதா, ரவை மூணையும் அடியோட நிறுத்துங்க. தோலு ஆற மாசக்கணக்குல ஆகும். பொறுமையா இருங்க. சோறு தாராளமா சாப்பிடுங்க, உங்களுக்குச் சோறுதான் மருந்து."

அத்தை சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "நான் மண்ணுல வேல பாத்தவ டாக்டரு. கோதும மூட்ட தூக்கல" என்றாள். பஸ்ஸில் வரும்போது அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்ப வேலைய விட்டதே வீண்தானா அண்ணே?" என்று கேட்டாள். பண்ருட்டி வரும்வரை அப்பா கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அப்பா நம்பினார். நம்பியதால் கெஞ்சினார். அம்மா சோறு வடித்து முன்னால் வைத்தாள். அத்தை தட்டைத் தள்ளினாள். அரிப்பு நிற்கும்வரை அரிசி தொடமாட்டேன் என்பது அவள் வேண்டுதல். அரிசியைத் தொட்டால்தான் அரிப்பு நிற்கும் என்பது டாக்டர் சொல். இப்படி ஒரு முடிச்சில் அவளாகவே போய் மாட்டிக்கொண்டிருந்தாள். அப்பா ஸ்ரீமுஷ்ணத்துக்கே போய்ப் பட்டாச்சாரியாரிடம் கேட்டுவிட்டு வந்தார். "உடம்புக்கு முடியாதவங்களைப் பெருமாள் கணக்குல எடுத்துக்க மாட்டாராம். உண்டியல்ல ஏதாவது போட்டுட்டுச் சாப்பிடச் சொல்றாரும்மா" என்றார்.

"சொன்னது நான் அண்ணே. அவுரு இல்ல" என்றாள் அத்தை.

பிடிவாதம் என்று அம்மா திட்டினாள். எனக்கும் அப்போது எரிச்சல்தான் வந்தது. வேலை, கல்யாணம், தோல் என்று எல்லாவற்றையும் பறிகொடுத்தவளிடம் அவள் சொல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் அப்பாதான் வழி கண்டுபிடித்தார். கேழ்வரகில் அந்தச் சத்து கிடையாது என்று டாக்டரிடம் கேட்டுவந்தார். அரிசியும் இல்லை, கோதுமையும் இல்லை. வேண்டுதலும் காப்பாற்றப்படும். அத்தை ஒத்துக்கொண்டாள். பெண்ணாடம் பக்கத்துச் சொந்தக்காரர்களிடமிருந்து மூட்டை வந்தது. அம்மா கல் பொறுக்கி, கழுவி, காயவைப்பாள். அப்பா சைக்கிளில் மாவு மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவருவார். களி, அடை, கூழ் என்று அத்தை ஒரு வாய் கோதுமை இல்லாமல் சாப்பிட்டாள். நாங்கள் எல்லோரும் அவள் முழங்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கொஞ்சம் அடங்கியது போல இருந்தது. பிறகு எழும்பியது. அடங்கும், எழும்பும். மாதங்கள் போயின. ஒரு பொங்கல் போய் மறு பொங்கல் வந்தது. போகவில்லை.

"கோதுமைய விட்டுப் பாத்தாச்சு. போச்சா?" என்று ஒருநாள் அமைதியாகக் கேட்டாள். டாக்டர் சொன்னது தப்பு என்று அவள் முடிவுகட்டினாள். நாங்களும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தோம். மறுபடி பாண்டிச்சேரிக்குக் கூப்பிட்டதற்கு வர மறுத்துவிட்டாள். களி தொண்டையில் இறங்கவில்லை என்று சப்பாத்திக்கே திரும்பினாள். அப்பா அதன் பிறகு அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர் ஒருமுறை கட்டாயப்படுத்தித்தான் அவள் வேலை போயிருந்தது.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அத்தைக்கு வயிற்றுவலி தாங்க முடியாமல் போனது. சிறுகுடலில் கட்டி என்றார்கள். கெட்ட கட்டி. வருஷக்கணக்காகப் புண்ணாகவே இருந்த குடல், அபூர்வமாக இப்படியும் ஆகும் என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு மூடி அனுப்பினார்கள். சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அம்மா கஞ்சித் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து, "இது அரிசி இல்லம்மா, வெறும் தண்ணிதான்" என்றாள். அத்தை மோந்து பார்த்துவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள். அம்மா கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதாள்.

அவளைக் கிடத்தியபோது வழக்கப்படி வாய்க்கரிசி போட்டோம். முறைக்காரர்கள் ஒவ்வொருவராக அரிசியை அள்ளி அவள் வாயில் இட்டார்கள். என் முறை வந்தது. கையில் அரிசியோடு நின்றேன். இதை மட்டும் வேண்டாம், இவளுக்கு வேண்டாம் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. எல்லோரையும் போல நானும் போட்டேன். அப்பா தன் முறைக்கு வரவே இல்லை. சாவு மேளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அவருக்குப் பட்டறைக்காரர்கள் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார்கள்.

இவ்வளவும் முடிந்துபோனது என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த என் மகள் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கையைச் சொறிந்தாள். "சூட்டுக் கொப்புளம், வெந்தயம் ஊறவெச்சுக் குடு" என்றார் என் மாமியார். நான் மகளின் இன்னொரு கையைப் பிடித்துத் திருப்பினேன். அதே இடம். அதே கொத்து. வெந்தயம் ஊறவில்லை. மறுநாள் விடியற்காலை பஸ்ஸிலேயே பாண்டிச்சேரிக்குக் கிளம்பிவிட்டோம்.

வியாதி அதேதான். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியது என்றார்கள். ரத்தம் நன்றாக இருந்ததால் அவளுக்கு மாத்திரை கொடுத்தார்கள், சில நாட்களிலேயே அரிப்பு அடங்கியது. உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். கேழ்வரகு கொடுக்கலாமா என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "மாவு எங்க அரைப்பீங்க?" என்றார்.

"மில்லுலதான்."

"அதே மிஷின்ல கோதுமையும் அரைப்பாங்களே. ஒட்டியிருக்கிற மாவு கொஞ்சம் கலந்தாலும் போதும், ஆறாது. வீட்டுலயே மிக்ஸியில அரைச்சுக்கங்க. பெருங்காயத்துல கூட மைதா சேத்திருப்பாங்க, பாத்து வாங்குங்க."

அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ஊர் திரும்பியதும், அத்தைக்கு அப்பா கேழ்வரகு அரைத்துவந்த அந்த மாவு மில்லுக்குப் போய் நின்றேன். இப்போது பழைய மில்காரரின் மகன் நடத்துகிறான். "மொளகாய்க்கும் அரிசிக்கும் தனி மிஷினுங்கக்கா. கோதும, கேவுரு எல்லாம் இதுலதான். மொதல்ல ஒரு கைப்பிடி வுட்டு ஓட்டிடுவோம், சுத்தமா இருக்கும்" என்றான். சுவர், மின்விசிறி, அவன் புருவம் எல்லாவற்றிலும் மாவு படிந்திருந்தது. அப்பா இந்த வாசலில்தான் சைக்கிளை நிறுத்தியிருப்பார். டாக்டர் சொன்னது சரி. அப்பா கண்டுபிடித்த வழி சரி. அத்தை வாயைக் கட்டியதும் சரி. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத ஒரு கோபம் எனக்குள் வந்தது, இன்னும் போகவில்லை. அப்பாவிடம் இதை நான் சொல்லவில்லை. அவருக்கு இப்போது வயதாகிவிட்டது. அவர் ஒருமுறை போனில், "கேவுரு அரைச்சிக் குடும்மா, அதுல ஒண்ணும் கெடுதல் இல்ல" என்றபோது, "சரிப்பா" என்று மட்டும் சொன்னேன்.

போன வாரம் பள்ளி முடிந்து மகள் என் அலுவலகத்துக்கு வந்தாள். நான் கிளம்பும்வரை எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைகள் தெளிந்துவிட்டன, உற்றுப் பார்த்தால் மட்டும் லேசாக நிறம் மாறியிருக்கும். கொசு கடித்திருக்க வேண்டும். மேசையிலிருந்த சொறிகல்லை எடுத்து, மெருகில்லாத அடிப்பக்கத்தால் கையில் தேய்த்தாள். என் அம்மா அதைப் பற்றி அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள்.

"ஏம்மா, இது வழவழன்னு இருக்குது. இதால எப்படிம்மா சொறிவாங்க?"

நான் அதை வாங்கி அடியில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அம்மா அன்றைக்குக் கத்தி தீட்டிய சொரசொரப்பான இடம் அது. அதன் பிறகு அதில் தேய்ந்தது அத்தையின் உடம்பு மட்டும்தான்.